பழைய காசில் புது ராஜா

வாசகர்களே, உங்கள் பாட்டியின் தகரப் பெட்டியில் வாழை மரம் போட்ட ஜப்பான் நோட்டைப் பார்த்ததுண்டா? 1945-ல் ஜப்பான்காரன் தோற்றதும் அது வெறும் காகிதமாயிற்று. தோட்டத்தில் பால் மரம் வெட்டிச் சேர்த்தவர்கள் கையைப் பிசைந்து நின்றார்கள். வெள்ளிக் காசின் கதை வேறு.

1906-ல் நாசிக் அருகே ஜோகல்தம்பியில் 13,000-க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. எல்லாம் சக மன்னன் நகபானன் வெளியிட்டவை. அவனை வென்ற சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சாதகர்ணி அவற்றை உருக்கவில்லை. நகபானன் முகமிருந்த காசின் மேலேயே தன் குன்றுச் சின்னத்தையும் உஜ்ஜயினிச் சின்னத்தையும் அடித்துவிட்டான்! அப்படி மாறியவை மட்டும் 9,000-க்கு மேல். கிரேக்கர்களும் வெண்கலக் காசுகளில் இதையே செய்தவர்கள்தாம். ராஜா மாறினாலும் வெள்ளி வெள்ளிதானே! அடி அழுந்தாத காசுகளில் நகபானனின் முகம் இன்னும் எட்டிப் பார்க்கிறது.