ஜெயநகர்: பதினாறு வாக்குத் தொகுதி

2023 மே 13. கர்நாடகத்தில் 223 தொகுதிகளின் முடிவு தெரிந்து காங்கிரஸ்காரர்கள் பட்டாசு வெடித்து ஓய்ந்த பிறகும், பெங்களூரு ஜெயநகரில் மட்டும் எண்ணி முடிக்கவில்லை. நள்ளிரவையொட்டித்தான் அறிவித்தார்கள். பா.ஜ.க.வின் சி.கே.ராமமூர்த்தி 57,797, காங்கிரஸின் சௌம்யா ரெட்டி 57,781. வித்தியாசம் 16. சௌம்யா ரெட்டி என்ற அதே பெயரோடு நின்ற சுயேச்சை ஒருவர் வாங்கிய வாக்குகள் மட்டுமே முந்நூறுக்கு மேல்.

இந்தப் பதினாறை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடலாம். ஆனால் தொகுதியின் வரைபடத்தைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் இருக்காது.

ஜெயநகர் 1948இல் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட குடியிருப்பு. மைசூரு மகாராஜா ஜெயச்சாமராஜ உடையாரின் பெயர் அதற்கு. அடிக்கல் நாட்டியவர் அன்றைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. அதன் நினைவாக நிற்கும் அசோகத் தூண் இன்று ஜெயநகர் தொகுதியில் இல்லை, சிக்பேட்டையில் இருக்கிறது! மாநகராட்சிக்கு 198 வார்டுகள் இருந்த காலத்தில் ‘ஜெயநகர்’ என்றே பெயர் கொண்ட வார்டும் சிக்பேட்டைக்குத்தான் போனது. பக்கத்து எடியூர் பத்மநாபநகருக்குப் போனது. ஜெயநகர் தொகுதிக்குக் கிடைத்தவை பட்டாபிராமநகர், பைரசந்திரா, ஜெயநகர் கிழக்கு, குரப்பனபாளையா, ஜே.பி.நகர், சாரக்கி, ஷாகாம்பரி நகர் ஆகிய ஏழு வார்டுகள்.

இந்த ஏழும் ஒரே சாயலில் இல்லை. அகலச் சாலையும் மரநிழலும் ராகிகுட்டா ஆஞ்சநேயரும் உள்ள நடுத்தர வர்க்கத்துப் பகுதிகள் ஒருபுறம், பொதுவாக பா.ஜ.க.வுக்குச் சாதகமானவை. மறுபுறம் திலக் நகர், குரப்பனபாளையா போன்ற நெருக்கமான தெருக்கள். இஸ்லாமியர்களும் உழைப்பாளிக் குடும்பங்களும் அதிகம், காங்கிரஸுக்குக் கை கொடுப்பவை. இரண்டும் ஏறக்குறைய சம எடையில் இருக்கின்றன. எந்தப் பக்கத்துக்காரர்கள் அதிகம் பேர் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள் என்பதே இங்கே தேர்தல்.

முன்பு இப்படி இல்லை. 1989 முதல் 2004 வரை நான்கு தேர்தல்களில் ராமலிங்க ரெட்டி ஒருவரே காங்கிரஸுக்காக வென்றார். 2008 மறுவரையறையில் பி.டி.எம். லேஅவுட் என்ற புதிய தொகுதி பிறந்ததும் அவர் அங்கே போய்விட்டார், இன்றுவரை அங்கே தோற்கவில்லை. ஜெயநகரை பா.ஜ.க.வின் பி.என்.விஜயகுமார் 2008இலும் 2013இலும் பிடித்தார்.

2018 மே 4 அன்று, பிரச்சாரம் நடந்துகொண்டிருக்கும்போதே விஜயகுமார் காலமானார். அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் வாக்குப்பதிவுக்கு முன் இறந்தால் தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஜூன் 11 அன்று வாக்குப்பதிவு நடப்பதற்குள் குமாரசாமி தலைமையில் மதச்சார்பற்ற ஜனதா தளம், காங்கிரஸ் கூட்டணி ஆட்சியே அமைந்துவிட்டது. அதனால் மதச்சார்பற்ற ஜனதா தளம் தன் வேட்பாளரை விலக்கிக்கொண்டது. ராமலிங்க ரெட்டியின் மகள் சௌம்யா, விஜயகுமாரின் தம்பி பிரகலாத்தை 2,889 வாக்கில் வென்றார். தந்தை இடத்துக்கு மகள், அண்ணன் இடத்துக்குத் தம்பி. கட்சிகள் இரண்டானாலும் இந்த விஷயத்தில் வழக்கம் ஒன்றுதான்.

2023க்கு வருவோம். அன்று முதலில் முன்னிலையில் இருந்தவர் சௌம்யா. மறுஎண்ணிக்கை கேட்கப்பட்டது; முதலில் செல்லாதென ஒதுக்கிய தபால் வாக்குகளை மறுபடி எடுத்துப் பார்த்த பிறகு நிலை மாறியது. இதில் விதி மீறல் எதுவும் இருக்கத் தேவையில்லை. வெற்றி வித்தியாசத்தைவிட ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகள் அதிகமாக இருந்தால், அறிவிப்புக்கு முன் அவற்றை மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் உத்தரவு. முடிவை அறிவித்துவிட்டால் தேர்தல் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

அந்த வழி எவ்வளவு நீளம் என்று நம் ராதாபுரத்தைக் கேட்டால் தெரியும். 2016இல் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை 49 வாக்கில் தி.மு.க.வின் அப்பாவுவை வென்றார். தலைமையாசிரியர் சான்றளித்த தபால் வாக்குகள் செல்லுமா என்பதே சண்டை. சென்னை உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டபோது 2019 ஆகிவிட்டது. எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்து, 2021இல் அதே தொகுதியில் வென்று அப்பாவு சபாநாயகரானார்.

ஜெயநகரில் இவ்வளவு நெருக்கமான போட்டிக்கு இன்னொரு காரணம், தொகுதி சிறியது என்பது. வாக்காளர்கள் சுமார் 2 லட்சம்தான். அதிலும் மாநிலமே 73 சதவீதத்தைத் தாண்டி வாக்களித்த அந்த ஆண்டில் பெங்களூரு பாதியைச் சற்றே தாண்டியதோடு நின்றது. அதே நகரின் ஓரத்தில் பெங்களூரு தெற்கு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளர்கள் 6 லட்சத்துக்கும் மேல். 2008 எல்லைகளை 2001 மக்கள்தொகையை வைத்துப் போட்டார்கள். அதன் பிறகு நகரம் வீங்கியதெல்லாம் ஓரங்களில்தான். பழைய ஜெயநகரில் வீட்டுக்கு மேல் வீடு கட்டலாமே தவிர, புதிய லேஅவுட் போட இடம் ஏது? ஆக, ஜெயநகர்க்காரரின் ஒரு வாக்கு பெங்களூரு தெற்கில் இருப்பவரின் மூன்று வாக்குக்குச் சமம். 2026க்குப் பின் எடுக்கப்படும் கணக்கெடுப்பை வைத்து எல்லைகளை மறுபடி வரையும்போது இந்தச் சலுகை போகும். அப்போது ஜெயநகர் தொகுதிக்குள் எந்தப் பகுதி சேர்க்கப்படுகிறது என்பதிலேயே அடுத்த பல தேர்தல்களின் முடிவு பாதி எழுதப்பட்டுவிடும்.