அறிதுயிலும் மனச்சோர்வும்

நான் பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த ஆண்டில், எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவின்போது மனோவசியக் காட்சி ஒன்று நடைபெற்றது. மேடைக்கு வந்த இளைஞர் ஒருவரை வசியக்காரர் நாற்காலியில் அமர்த்தி, 'உறங்கு' என்றார். இளைஞர் கண்களை மூடினார். பிறகு அவர் கையில் ஒரு வெங்காயத்தைக் கொடுத்து, 'இது ஆப்பிள்' என்றார். இளைஞர் அதனைக் கடித்துச் சுவைத்துத் தின்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. என் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன் மட்டும் சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும் அவன் மேடையின் பின்புறம் சென்றான். "ஐயா, சில மாதங்களாக என் மனத்தில் இருக்கும் துயரத்தையும் இவ்வாறே மாற்றிவிட முடியுமா?" என்று கேட்டான். "ஐம்பது ரூபாய் கொண்டு வா, ஒரே இரவில் மாற்றிவிடுகிறேன்" என்று விடை கிடைத்தது. எங்களிடம் ஐம்பது ரூபாய் இல்லை, திரும்பிவிட்டோம்.

அந்தக் கேள்வி நகைப்புக்கு உரியதன்று. பின்னாளில் நான் உளவியல் பயின்று, அதனைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டேன். அன்று என் தோழனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை இப்போது உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மனோவசியம் என்று மேடைக்காரர்கள் கூறும் இக்கலையின் வரலாறு ஒரு பிழையிலிருந்து தொடங்குகிறது. வியன்னா நகரில் மருத்துவம் பயின்ற மெஸ்மர் என்பவர் 1778-ஆம் ஆண்டு பாரிஸுக்கு வந்து குடியேறினார். உலகெங்கும் ஒரு வகைக் காந்தப் பாய்மம் நிறைந்திருக்கிறது என்றும், அதன் ஓட்டம் உடலில் தடைப்படுவதே நோய் என்றும் அவர் கூறினார். நோயாளிகள் திரள்திரளாக வந்தனர். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி, 1784-ஆம் ஆண்டில் இதனை ஆராய ஒரு குழுவை அமைத்தார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், வேதியியல் மேதை லவாசியே ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். பிராங்க்ளின் வாழ்ந்த வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்திற்கு மட்டும் 'காந்தம்' ஏற்றப்பட்டது. கண்கள் கட்டப்பட்ட ஒரு சிறுவனை மரத்துக்கு மரம் அழைத்துச் சென்றனர். அவன் நான்காவது மரத்தடியில் மூர்ச்சையடைந்து விழுந்தான். ஆனால், காந்தம் ஏற்றப்பட்ட மரம் அதுவன்று. அது தொலைவில் நின்றது!

காந்தம் என்று ஒன்று இல்லை. நிகழ்ந்தது அனைத்தும் கற்பனையின் விளைவே என்று குழு முடிவு கூறியது. அம்முடிவு சரியானதே. ஆயினும், ஒரு சிறுவனை நினைவிழக்கச் செய்யும் அளவிற்குக் கற்பனைக்கு வலிமை எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் ஆராயவில்லை. அதனை ஆராயத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஜேம்ஸ் பிரெய்டு என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். ஒரு பொருளையே இமைக்காமல் உற்று நோக்கினால், பிறருடைய எந்த ஆற்றலும் இன்றியே அந்நிலை உண்டாகிறது என்று அவர் கண்டார். 1843-இல் அவர் எழுதிய நூலில், உறக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 'ஹிப்னாடிசம்' என்ற பெயரை வழங்கினார். சில ஆண்டுகளில், இஃது உறக்கமன்று, ஒரே கருத்தில் மனம் ஊன்றிய நிலையே என்று அவரே உணர்ந்து வேறு பெயர் சூட்ட முயன்றார். பழைய பெயரே நிலைத்துவிட்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. 1845-ஆம் ஆண்டு முதல் வங்காளத்தின் ஹூக்ளி நகரில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர், மெஸ்மரின் வழியை ஒட்டி நோயாளிகளை ஆழ்த்தி, பெரிய அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். மறு ஆண்டு கல்கத்தாவில் அவருக்கென்று ஒரு சிறு மருத்துவமனையும் அளிக்கப்பட்டது. ஈதரும் குளோரோபாரமும் பரவிய பின்னர் அம்முறை மறைந்தது.

தமிழில் இந்நிலையை 'அறிதுயில்' என்கிறோம். பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் துயிலுக்கு நம் முன்னோர் வழங்கிய சொல் இது. கண் மூடியிருப்பினும் அறிவு விழித்திருக்கும் துயில் என்பது பொருள். பிரெய்டு தேடியும் நிலைக்காத பொருத்தம் நம் சொல்லில் இயல்பாக அமைந்திருக்கிறது. அறிதுயிலில் இருப்பவர் தன் விருப்பத்தை இழப்பதில்லை, பேச்சைக் கேட்கிறார், வேண்டாம் என்றால் எழுந்துவிடுகிறார். நீங்கள் ஒரு கதைப் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கையில் அம்மா சாப்பிட அழைப்பது காதில் விழாமற் போவதில்லையா? கவனம் ஓரிடத்தில் குவிந்து, மற்றவை விலகி நிற்கும் அந்த அனுபவமே இதற்கு நெருங்கிய உறவு. எல்லாரும் ஒரே அளவில் இதில் ஆழ்வதில்லை; சிலர் எளிதில் ஆழ்வர், சிலர் சிறிதும் ஆழார். மேடைக்காரர் முதலிலேயே எளிதில் ஆழ்பவரைப் பொறுக்கி எடுத்துக்கொள்கிறார். அவர் திறமையில் பாதி அதுவே.

இனி, என் தோழனின் துயரத்திற்கு வருவோம். தேர்வில் தோற்றால் வருந்துவதும், உற்றாரை இழந்தால் அழுவதும் நோயல்ல. மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமின்றி, இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்களும் கழிந்து, அதனுடன் உறக்கமும் பசியும் கெட்டு, படிப்பில் கவனம் செல்லாமல், 'நான் எதற்கும் உதவாதவன்' என்ற எண்ணமே ஓங்கி நின்றால், அதனை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்பர். வேறு சிலருக்குச் சோர்வு ஒரு காலத்திலும், அளவு கடந்த எழுச்சி மற்றொரு காலத்திலும் மாறி மாறி வரும். அது இருமுனைக் கோளாறு எனப்படும். இவை சோம்பலாலோ கோழைத்தனத்தாலோ வருவன அல்ல. காய்ச்சலைப் போல இவற்றிற்கும் மருத்துவம் உண்டு.

அம்மருத்துவத்துள் ஒன்று பேச்சுவழிச் சிகிச்சை. பிலடெல்பியாவில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் இதற்கு ஒரு தெளிவான வழி வகுத்தார். சோர்வுற்றவர் தம்மைப் பற்றியும், உலகைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் இருண்ட முடிவுகளுக்கே தாவுகிறார் என்பதை அவர் கவனித்தார். ஒரு மாணவன் கணக்கில் 48 மதிப்பெண் பெறுகிறான். 'இந்தத் தேர்வில் குறைந்துவிட்டது' என்று எண்ணாமல், 'என்னால் ஒருபோதும் எதுவும் முடியாது' என்று எண்ணுகிறான். மருத்துவர் அவனை மறுத்துரைப்பதில்லை. ஆறுதல் சொல்லி அனுப்பிவிடுவதும் இல்லை. "அதற்குச் சான்று என்ன? எதிர்ச் சான்று ஏதேனும் உண்டா?" என்று வினவுகிறார். இருவரும் சேர்ந்து அவ்வெண்ணத்தை எடைபோடுகின்றனர். வாரந்தோறும் இப்படி எடைபோடக் கற்றுக்கொண்ட மாணவன், நாளடைவில் தானே அதனைச் செய்கிறான்.

ஆனால், உறக்கமிழந்து, தோளும் தாடையும் இறுகி, ஒரே எண்ணம் செக்குமாடுபோல் சுற்றிக்கொண்டிருக்கும் ஒருவரால் அமைதியாக அமர்ந்து தம் எண்ணங்களைப் பார்க்க முடிவதில்லை. இங்கேதான் தளர்வுப் பயிற்சி துணைக்கு வருகிறது. சிகாகோவில் ஆராய்ச்சி செய்த எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1929-இல் இதனை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். வலக் கையை இறுக மூடிச் சில வினாடிகள் வைத்திருங்கள். இறுக்கம் எங்கே தெரிகிறது என்று பாருங்கள். பிறகு மெல்ல விடுங்கள். விட்டபின் உண்டாகும் வேறுபாட்டையும் அரை நிமிடம் கவனியுங்கள். இவ்வாறே மறு கை, நெற்றி, தோள், வயிறு, கால் என்று ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். தசை இறுகியிருப்பதை அறியாதவர் அதனைத் தளர்த்தவும் அறியார் என்பதே இதன் அடிப்படை.

அறிதுயில் இதற்கு அடுத்த படி. உடல் தளர்ந்தபின், மருத்துவர் மென்மையாகப் பேசி, நோயாளியின் கவனத்தை ஒரு காட்சியில் குவிக்கிறார். நம் மாணவனை எடுத்துக்கொள்வோம். வகுப்பறைக்குள் நுழைவதாகவும், விடைத்தாள் கைக்கு வருவதாகவும், பழைய எண்ணம் தலைதூக்குவதாகவும் அவன் மனக்கண்ணில் காண்கிறான். முன்பே இருவரும் பேசிக் கண்டறிந்த மறுமொழியை அப்பொழுது தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறான். நாடகத்துக்கு ஒத்திகை போன்றது இது. ஒத்திகைக்குரிய வசனத்தை எழுதித் தருவது பேச்சுவழிச் சிகிச்சையே. அறிதுயில் அதனை மனத்தில் பதியச் செய்கிறது. வசனம் இல்லாத ஒத்திகையால் பயன் என்ன?

ஆராய்ச்சிகளும் ஏறத்தாழ இதனையே கூறுகின்றன. 1995-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பல்வேறு குறைகளுக்கான 18 ஆய்வுகளை ஒப்பிட்டு, பேச்சுவழிச் சிகிச்சையுடன் அறிதுயிலும் சேர்ந்தபோது பயன் மிகுந்தது என்று காட்டியது. பின்னர் வந்த கணக்கீடுகள் அம்மிகுதியின் அளவைக் குறைத்தே மதிப்பிட்டன. தளர்வுப் பயிற்சியை மட்டும் ஆராய்ந்த 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, சோர்வுற்றவர்க்கு ஒன்றும் செய்யாதிருப்பதைவிட அது நல்லது என்றும், பேச்சுவழிச் சிகிச்சைக்கு அது ஈடாகாது என்றும் முடிவு செய்தது. ஜெர்மனியில் 152 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், கடுமையற்ற சோர்வுக்கு அறிதுயில் வழிச் சிகிச்சை பெக் முறைக்குக் குறைந்ததாக இல்லை. அங்கும் பயிற்சி பெற்ற வல்லுநர்களே பல மாதங்கள் அதனை அளித்தனர். ஒரே இரவில் எதுவும் நிகழவில்லை.

எச்சரிக்கைகளும் உண்டு. மிகை எழுச்சியில் இருப்பவர்க்கும், இல்லாத குரல்களைக் கேட்பவர்க்கும் அறிதுயில் ஏற்றதன்று. மறந்துபோன நிகழ்ச்சிகளைத் தோண்டியெடுக்க இதனைப் பயன்படுத்துவது தீமை தரும். நடவாததை நடந்ததாக நம்பவைக்கவும் இதனால் இயலும். மருத்துவர் தந்த மாத்திரையை, 'அறிதுயில் போதும்' என்று நிறுத்திவிடக் கூடாது. அறிதுயில் அளிப்பவர் முதலில் மனநலம் பயின்றவராக இருத்தல் வேண்டும்; அறிதுயில் மட்டும் கற்றவர் போதார்.

என் தோழன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். திருவிழா முடிந்து இரண்டு மாதம் கழித்து, அவன் தாயாரிடம் நான் அனைத்தையும் சொன்னேன். ரகசியத்தை வெளியிட்டுவிட்டேன் என்று அவன் என்னுடன் சில நாள் பேசவில்லை. அவனை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். மாத்திரையும் பேச்சும் தளர்வுப் பயிற்சியுமாக ஏழெட்டு மாதம் சென்றன. பின்னொரு நாள் அவனிடம் அந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்டேன். "அதனால் துயரம் போகவில்லை. ஆனால் அரைமணி நேரம் நெஞ்சு லேசாகும். அந்த அரைமணி நேரத்தில்தான் என்னால் டாக்டரிடம் வாய்திறந்து பேச முடிந்தது" என்றான். நூல்களில் நான் படித்த எதுவும் இதனைவிடத் தெளிவாக இல்லை.

மாணவ நண்பர்களே! உங்களுக்கோ உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கோ இத்தகைய சோர்வு வந்தால், ஒரே இரவில் மாற்றுவதாகச் சொல்பவரிடம் செல்லாதீர்கள். பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். இந்திய அரசு 2022 முதல் நடத்தும் 14416 என்ற தொலைபேசி எண்ணில், கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தோழன் கோபித்துக்கொள்வானே என்று நான் தயங்கிய அந்த இரண்டு மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமே உண்டாகிறது. நீங்கள் அவ்வாறு தயங்க வேண்டாம்.