உஷார்! பழைய வண்டியின் கிராங்கில் கை வைக்காதீர்கள்

போடியிலிருந்து போடிமெட்டுக்கோ, லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கோ பழைய வண்டியை ஏற்றுகிற எல்லோருக்கும் இருக்கும் குறை ஒன்றுதான்: "மலையில இழுக்கலை." அதைக் கேட்டுவிட்டு யாராவது, "ஸ்ட்ரோக்கைக் கூட்டித் தர்றேண்ணே, பதினஞ்சு, இருபது ஹெச்.பி. ஏறும், செலவும் பெருசா ஆகாது" என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். மலிவுச் செலவில் செய்யும் ஸ்ட்ரோக்கர் வேலையில் பணம் போவது மட்டுமல்ல, கொண்டை ஊசி வளைவில் உயிரும் போகலாம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம்தான் ஸ்ட்ரோக். நான்கு கியர் மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர், போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ., மொத்தம் 796 சி.சி., பவர் 37 ஹெச்.பி. இதில் ஸ்ட்ரோக்கை 2 மி.மீ. கூட்டினால் 818 சி.சி. ஆகும். கூடுவது 22 சி.சி., அதாவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பவரும் அதே விகிதத்தில் ஏறுவதாகவே வைத்துக்கொண்டாலும் கிடைப்பது ஒரே ஒரு ஹெச்.பி. அம்பாசடரும் இப்படித்தான். அதன் 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினின் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. அதில் 2 மி.மீ. கூட்டினால் 33 சி.சி. வரும். இருபது ஹெச்.பி. எங்கிருந்து வரும்?

சி.சி. ஏறும் அளவுக்குப் பவர் ஏறுவதும் இல்லை. இதற்கு சுசுகி கம்பெனியே நல்ல சாட்சி. எஸ்டீமின் 1.3 இன்ஜினில் ஸ்ட்ரோக் 75.5 மி.மீ., பெலினோவின் 1.6 இன்ஜினில் 90 மி.மீ. கொள்ளளவு 1,298-லிருந்து 1,590 சி.சி.க்குப் போனது, கிட்டத்தட்ட 22 சதவீதம் அதிகம். பவரோ சுமார் 85-லிருந்து 94 ஹெச்.பி.க்குத்தான் வந்தது, பத்து சதவீதத்தை ஒட்டி. கம்பெனியே வடிவமைத்து, வார்த்து, சோதித்துச் செய்தும் அவ்வளவுதான். காரணம், பவர் என்பது ஹெட்டும் வால்வும் கார்புரேட்டரும் எவ்வளவு காற்றை உள்ளே விடுகின்றன என்பதைப் பொறுத்தது. ஹெட்டை அப்படியே வைத்துக்கொண்டு கீழே ஸ்ட்ரோக்கை மட்டும் நீட்டினால், குறைந்த ஆர்.பி.எம்.மில் கொஞ்சம் இழுவை கூடும், மேலே போனதும் மூச்சு முட்டும்.

ஸ்ட்ரோக்கர் ஆசை பெரும்பாலும் அமெரிக்க வீடியோக்களிலிருந்து வருகிறது. அங்கே பேர்பெற்றது செவர்லேயின் 383 கன அங்குல ஸ்ட்ரோக்கர். அங்குள்ள மெக்கானிக்குகள் 350 கன அங்குல பிளாக்கில், அதே குடும்பத்தைச் சேர்ந்த 400 இன்ஜினின் கிராங்கைப் பொருத்தினார்கள். ஸ்ட்ரோக் 3.48 அங்குலத்திலிருந்து 3.75 ஆனது. அந்தக் கிராங்க், கம்பெனியே வார்த்தது. பிறகு அதற்கென்றே பிஸ்டன், ராடு, பேரிங் எல்லாம் செட்டாகக் கடைகளில் வந்துவிட்டன. மாருதி 800-க்கும் அம்பாசடருக்கும் அப்படி ஒரு செட் நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் தொங்கவில்லை. அதனால் இங்கே மலிவாகச் செய்ய ஒரே வழி, இருக்கிற கிராங்கையே சாய்த்துக் கடைவது.

அதைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். கனெக்டிங் ராடு மாட்டும் கிராங்க் பின்னை, மையத்தை 1 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி வைத்து, விட்டத்தில் 2 மி.மீ. குறையும்படி கிரைண்ட் செய்கிறார்கள். ஸ்ட்ரோக் 2 மி.மீ. கூடிவிட்டது. ஆனால் பின் மெலிந்துவிட்டது. 40 மி.மீ. பின் 38 ஆனால், வளைவைத் தாங்கும் வலுவில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். மேல்தோலைக் கடினப்படுத்திய கிராங்காக இருந்தால் அந்தத் தோலும் கிரைண்டிங்கில் போயிற்று. பின்னும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் கம்பெனி ஒரு சிறு வளைவு விட்டிருக்கும். அவசரத்தில் அதைக் கூர்மையாகக் கடைந்துவிட்டால் வெடிப்பு அங்கேதான் பிறக்கும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது; முற்றினால் ஓட்டத்திலேயே இன்ஜின் பூட்டிக்கொள்ளலாம்.

அடுத்து பேரிங். வழக்கமான ரீகிரைண்டுக்குக் கடையில் பத்து, இருபது, முப்பது என்று அண்டர்சைஸ் கேட்டு வாங்குகிறோம். முப்பது என்றாலே முக்கால் மி.மீ.தான். 2 மி.மீ. குறைத்த பின்னுக்குக் கம்பெனி பேரிங் கிடையாது. வேறு வண்டியின் ராடையும் பேரிங்கையும் தேடி, உரசி, உட்காரவைக்க வேண்டும். அதோடு பிஸ்டன் உச்சியில் 1 மி.மீ. கூடுதலாக மேலே வந்து நிற்கும். அமுங்கிய ஹெட் கேஸ்கெட்டின் கனமே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே பிஸ்டன் தலையைக் கடைய வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுக்கு இரண்டு கேஸ்கெட் போட வேண்டும். தலையைக் கடைந்தால் அது மெலிந்து ஓட்டை விழலாம். கேஸ்கெட்டை அடுக்கினால் மலையில் சூடேறும்போது பிய்த்துக்கொள்ளும். இரண்டில் ஒன்றையாவது சரியாகச் செய்யாவிட்டால் கம்ப்ரஷன் எகிறி, ஏற்றத்தில் "டக டக"வென்று நாக்கிங் கேட்கும்.

பந்தய இன்ஜின்களில் இதையெல்லாம் செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறார்கள். கோவை செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலும் சென்னை இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடும் பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்க்கிறார்கள். பழுதானால் ட்ராக் ஓரமாக ஒதுங்க இடமிருக்கிறது, தூக்கிவர ஆளிருக்கிறது. போடிமெட்டு வளைவில் ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் லாரி.

அந்த மலை உங்கள் பவரை என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் சுமார் பத்து சதவீதம் பவரை இழக்கும், ஏனென்றால் மேலே காற்று மெலிந்துவிடுகிறது. போடியிலிருந்து மெட்டு வரை ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏறுகிறோம். கீழே 37 ஹெச்.பி. தந்த வண்டி மேலே 33-தான் தரும். நாலு ஹெச்.பி.யை மலை எடுத்துக்கொள்கிறது, பணம் கொட்டிச் செய்த வேலை ஒன்றைத் திருப்பித் தருகிறது. ஆனால் மலையில் இழுக்காத வண்டிகளில் பலவற்றுக்கு நோய் வேறு. ஜீப்புக்குத் தோற்றத்துக்காகப் பெரிய டயர் போட்டிருப்பார்கள். டயரின் உயரம் பத்து சதவீதம் கூடினால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை அதற்கேற்பக் குறையும். கம்பெனி அளவு டயரைத் திரும்பப் போட்டாலே, இந்த மலிவு ஸ்ட்ரோக்கர் கொடுக்காத இழுவை திரும்பிவிடும்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் வைத்திருக்கும் அண்ணன்மாரிடம் தனியாகக் கெஞ்சிக் கேட்கிறேன். கம்பத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியும் முன் கிளம்பி இடுக்கிக்குப் போகிற பெண்களின் உயிர் அந்த வண்டியில் இருக்கிறது. மஹிந்திராவின் 2,523 சி.சி. டீசல் இன்ஜினுக்கு ஸ்ட்ரோக் ஏற்கெனவே 101.6 மி.மீ., அது இழுவைக்கென்றே பிறந்தது. இழுக்கவில்லையென்றால் ஏற்றியிருக்கும் ஆள் அதிகம், அல்லது பம்ப்பும் இன்ஜெக்டரும் சரியில்லை. கிராங்கைத் தொடாதீர்கள். ஏறும்போது கூடுதல் வேகம் கிடைத்தாலும், இறங்கும்போது நிறுத்த வேண்டியது அதே பழைய டிரம் பிரேக்தான். 2022 டிசம்பரில், சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்து பக்தர்களின் வண்டி குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து 8 பேர் இறந்தார்கள். அதற்கும் இன்ஜின் வேலைக்கும் தொடர்பில்லை. அந்தப் பாதையில் ஒரு நொடி பிசகினால் என்ன ஆகும் என்பதற்காகவே அதை நினைவூட்டுகிறேன்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி சொன்ன விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. சி.சி.யும் ஆர்.சி.யில் உள்ள விவரம்தான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இந்த மாற்றத்தைப் பற்றிக் கேட்கலாம்.

பணத்தை எதில் போடுவது? முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கும் மற்றொன்றுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ரிங்கோ வால்வோ கசிகிறது. வால்வை லேப்பிங் செய்து, டைமிங் வைத்து, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, வழுக்கும் கிளட்சை மாற்றி, ஒட்டிப் பிடிக்கும் பிரேக்கை விடுவித்தாலே, வண்டி தொலைத்த இழுவையில் நல்ல பங்கு திரும்பி வரும். இன்ஜின் இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கம்பெனி ஓவர்சைஸ் பிஸ்டனோடு ரீபோர் போதும்.

ஏற்கெனவே கிராங்கைக் கடைந்து ஓட்டுகிறவர்களுக்கு: ஆயில் லைட் சிமிட்டினாலோ, கீழேயிருந்து "கடகட" சத்தம் வந்தாலோ, ஆயிலை வடிக்கும்போது வெள்ளி மாதிரி தூள் மின்னினாலோ, வண்டியை மலைக்கு எடுக்காதீர்கள். கிராங்கைக் கழற்றி, காந்தத்தூள் முறையில் வெடிப்புப் பார்க்கும் இடத்தில் கொடுத்துச் சோதியுங்கள். இறக்கத்தில் இன்ஜின் பூட்டிக்கொண்டால் உடனே கிளட்சை முழுக்க மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளுங்கள், சாவியைத் திருகி ஸ்டீயரிங்கைப் பூட்டிவிடாதீர்கள். பிரேக்கை ஒரே அழுத்தாக மிதித்துப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் சர்வோவில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, வண்டியைப் பாறைப்பக்கம் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.