இலச்சினையில் ஒரு கல்விளக்கு

இலச்சினை என்றதும் சிங்கமும் வாளும் கிரீடமுமே எம் நினைவுக்கு வரும். பெண் பேணிய அடுப்படிப் பொருள் ஒன்று ஆட்சிச் சின்னத்தில் இடம்பெற முடியுமா?

எம் உறவுகள் பலர் வாழும் கனடாவின் வடகோடியில், 1999 ஏப்ரல் 1ஆம் திகதி நுனாவுட் பிரதேசம் உருவானது. இனுயிட் மக்களின் மொழியில் 'எங்கள் நிலம்' என்பது பொருள். அதன் இலச்சினையில், வழிகாட்டும் கற்குவியலுக்குப் பக்கத்தில் 'குல்லிக்' என்னும் கல்விளக்கு உள்ளது. கடல்நாய்க் கொழுப்பு அதற்கு எண்ணெய். பாசியும் பருத்திப்புல்லும் திரி. மரமற்ற பனிநிலத்தில் பனியை உருக்கி நீராக்கவும், சமைக்கவும், ஈர உடை உலர்த்தவும் இதுவே உதவியது. சுடர் அணையாமல் காத்தவர்கள் பெண்கள். குடும்பத்தினதும் சமூகத்தினதும் ஒளியையும் வெம்மையையும் அது குறிக்கிறது.

இம்மக்களும் இடம்பெயர்வை அறிந்தவர்களே. 1953இல் கியூபெக்கின் வடபகுதிக் குடும்பங்கள் சிலவற்றை அரசு வெகுதொலைவு வடக்கே கொண்டுபோய்க் குடியேற்றியது. விரும்பினால் திரும்பலாம் என்ற வாக்குறுதி காக்கப்படவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்தான்.

இலச்சினையின் அடியில் 'எங்கள் நிலம், எங்கள் வலிமை' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வலிமையில் பெண்ணின் உழைப்பும் உண்டென்பதற்கு விளக்கே சாட்சி.

சகோதரிகளே, உங்கள் கிராமத்துக்கு ஓர் இலச்சினை வரையச் சொன்னால் எதை வரைவீர்கள்? அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்.