சர்வகலாசாலையின் வாசலில் எதைக் கேட்பது?

மே மாதம் பிறந்துவிட்டால் உடுமலைப்பேட்டையில் இரண்டு சங்கதிகள் ஏககாலத்தில் ஆரம்பமாகின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று புறப்பட்டு வந்து, ஊரைச் சுற்றிலும் நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றத் தொடங்குகிறது. பிளஸ் டூ பரீக்ஷையின் முடிவும் வெளியாகிறது. அப்புறம் தென்னந்தோப்புக்காரர் வீடாயினும் சரி, நூற்பாலைக் கணக்கப்பிள்ளையின் வீடாயினும் சரி, ஒரே விசாரணைதான்: "பௌதிகத்தில் எத்தனை? ரஸாயனத்தில் எத்தனை?"

இந்த விசாரணை வெறும் வம்பன்று. தமிழ்நாட்டில் பொறியியற் கல்லூரிகளுக்கென்று தனி நுழைவுப் பரீக்ஷை வைக்கும் வழக்கம் 2007-ஆம் வருஷத்தில் ஒழிந்தது. விவசாயக் கல்லூரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பெரும்பாலான இடங்கள் பள்ளி இறுதி மார்க்குகளைக் கொண்டே நிரப்பப்படுகின்றன. மனிதருக்கு வைத்தியம் பார்க்கும் படிப்புக்கு 'நீட்' என்னும் பரீக்ஷை உண்டு. மற்றப்படி, பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானமே பிள்ளையின் கையிலுள்ள திறவுகோல். அந்தத் திறவுகோல் பூட்டுக்குச் சேருமா என்று முன்கூட்டியே பார்ப்பது பெற்றோரின் கடமை, சர்வகலாசாலையின் கடமையுங்கூட.

இங்கேதான் ஒரு சிக்கலான கேள்வி எழுகிறது. ஒரு மதத்தின் போதனைக்காகவே ஏற்பட்ட பள்ளிக்கூடம், தானே பாடத் திட்டம் வகுத்து, தன் வழியில் விஞ்ஞானமும் கற்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பாடத்தைச் சர்வகலாசாலை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

கேள்வியை முதலில் தெளிவு செய்துகொள்வோம். பாதிரிமார் நடத்தும் பள்ளியோ, மடம் நடத்தும் பள்ளியோ, முஸ்லிம் கல்விச் சங்கத்தின் பள்ளியோ, சர்க்காரின் பாடப் புத்தகத்தையே நடத்திப் பொதுப் பரீக்ஷைக்கு அனுப்புமானால் அங்கே தகராறுக்கு இடமில்லை. காலையில் எந்தப் பிரார்த்தனை சொன்னார்கள் என்பது சர்வகலாசாலையின் விஷயமன்று. சொந்தப் பாடத் திட்டமும் சொந்தச் சான்றிதழும் உள்ள பள்ளிகளைப் பற்றியதே நமது விசாரணை.

கலிபோர்னியாவில் நடந்த வழக்கு

இந்தக் கேள்வி அமெரிக்காவில் நியாயஸ்தலம் வரையில் போயிற்று. கலிபோர்னியா சர்வகலாசாலையில் சேர விரும்பும் மாணவர், உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட சில பாடங்களைப் படித்திருக்க வேண்டும். பள்ளிகள் தங்கள் பாடங்களின் விவரத்தை அனுப்பிச் சர்வகலாசாலையின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். மரியெட்டா என்னும் ஊரிலுள்ள கால்வரி சேப்பல் கிறிஸ்தவப் பள்ளி அனுப்பிய சில பாடங்கள் நிராகரிக்கப்பட்டன. மதச் சார்புள்ள பிரசுராலயங்கள் வெளியிட்ட நூல்களையே முதல் நூலாகக் கொண்ட ஜீவசாஸ்திரப் பாடங்களுக்கும் அங்கீகாரம் கிடைக்கவில்லை.

2005-இல் அப்பள்ளியும், கிறிஸ்தவப் பள்ளிகளின் சர்வதேசச் சங்கமும், சில மாணவர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். தங்கள் மத சுதந்திரமும் பேச்சு சுதந்திரமும் பறிபோயின என்பது அவர்கள் வாதம். சர்வகலாசாலையாரோ, "உங்கள் பள்ளியின் வேறு பாடங்கள் பலவற்றை நாங்கள் ஏற்றிருக்கிறோம், மதக் கருத்து கலந்திருப்பதற்காக எதையும் தள்ளவில்லை. ஆதாரத்தைச் சோதித்து முடிவு காணும் முறையைக் கற்பிக்கிறதா என்றுதான் பார்த்தோம்" என்றார்கள். 2008-இல் நீதிபதி ஓட்டேரோ சர்வகலாசாலையின் பக்கம் தீர்ப்பளித்தார். 2010-ஆம் வருஷ ஆரம்பத்தில் மேல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. அவ்வருஷமே சுப்ரீம் கோர்ட்டு வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது வெற்றி தோல்வியை அல்ல. பாடம் நிராகரிக்கப்பட்டாலும் மாணவனுக்குக் கதவு அடைபடவில்லை. பொதுப் பரீக்ஷைகளில் தக்க மார்க்குப் பெற்று அவன் உள்ளே வரலாம். பாடத்தைச் சோதிப்பது வேறு, பிள்ளையைத் தண்டிப்பது வேறு என்ற பாகுபாடு அங்கே இருந்தது.

நமது தேசத்தில்

நமது தேசத்தில் இந்த விவகாரம் வேறு உருவத்தில் வந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மதரஸாக் கல்விக்காக 2004-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். 2024 மார்ச்சு மாதம் அலகாபாத் ஹைகோர்ட்டு அந்தச் சட்டம் செல்லாது என்றது. அவ்வருஷம் நவம்பர் 5-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அத்தீர்ப்பை மாற்றி, சட்டம் பொதுவில் செல்லும் என்று கூறியது. மதரஸாக்களில் கல்வித் தரம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டு என்றும் சொல்லிற்று. ஆனால் 'காமில்', 'பாஜில்' என்னும் பட்டங்களை மதரஸா போர்டு வழங்குவது, சர்வகலாசாலை மானியக் குழுச் சட்டத்துக்கு முரண் என்று அந்தப் பகுதியை மட்டும் நீக்கியது. பள்ளி நடத்தலாம், தரம் காக்கப்பட வேண்டும், சர்வகலாசாலையின் வேலையைப் பள்ளி போர்டு செய்யலாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இன்னொரு பக்கம், உஜ்ஜயினியிலுள்ள மகரிஷி சாந்தீபனி ஸ்தாபனத்தின் வேத போர்டு வழங்கும் 'வேதபூஷண்', 'வேதவிபூஷண்' என்னும் சான்றிதழ்கள் முறையே பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சமம் என்று ஏற்கப்பட்டிருக்கின்றன. வேதம் படித்த பிள்ளைக்கு உயர்கல்வியின் கதவு திறப்பது நல்லதே. ஆயினும் 'சமம்' என்ற ஒரு வார்த்தையால் ஆய்வுக்கூடம் ஏற்பட்டுவிடாது. மதரஸாப் பிள்ளையிடம் பௌதிகத்தில் என்ன எதிர்பார்க்கிறோமோ, பாடசாலைப் பிள்ளையிடமும் அதையே எதிர்பார்க்க வேண்டும். ஒருவருக்கு ஒரு தராசும் மற்றொருவருக்கு வேறு தராசும் வைத்தால் அதற்குப் பெயர் கல்விக் கொள்கை அன்று, கட்சிக் கொள்கை.

அந்தத் தராசை சர்க்கார் பாடத்தின்மேலும் வைத்துப் பார்க்கத்தான் வேண்டும். 2023-இல் மத்திய பாடநூல் ஸ்தாபனம் தன் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்துவிட்டபோது, 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். விஞ்ஞானம் குறைவது மதப் பள்ளியில் மட்டுமே நேரும் விபத்தல்ல என்பதற்கு இது ஒன்றே போதும்.

வட்டுக்கோட்டையின் கிரகணம்

தமிழர்களாகிய நமக்கு இது புதிய விஷயமா? அல்லவே அல்ல. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823-ஆம் வருஷத்தில் அமெரிக்க மிஷனரிமார் ஒரு செமினரியை நிறுவினார்கள். மதப் பிரசாரமே அவர்கள் நோக்கம். அதை அவர்கள் ஒளிக்கவுமில்லை. ஆயினும் கணிதமும் வான சாஸ்திரமும் அங்கே நன்றாகக் கற்பிக்கப்பட்டன. 1829-இல் வந்த ஒரு சந்திர கிரகணத்தைக் குறித்து உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதத்துக்கும் செமினரித் தலைவர் டேனியல் பூரின் கணிதத்துக்கும் வேற்றுமை ஏற்பட்டது. ஜனங்கள் வானத்தைப் பார்த்தார்கள். பூரின் கணிதமே பலித்தது.

மிஷனரிமார் இதைத் தங்கள் மதத்தின் வெற்றியாகப் பேசிக்கொண்டார்கள். அதுதான் பொருந்தாத வாதம். கிரகண நேரம் சரியாக வந்ததனால் கணக்குச் சரி என்று ஆயிற்றே தவிர, எந்த மதமும் சரியென்றோ தவறென்றோ ஆகவில்லை. சந்திரன் யாருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை. நேரத்துக்கு மறைந்து நேரத்துக்கு வெளிப்பட்டது, அவ்வளவுதான். மதப் பள்ளியின் விஞ்ஞானத்தை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் நமக்கு வேண்டியதில்லை. யார் கணக்குப் போட்டார் என்று கேட்க வேண்டாம். கணக்கை வானத்தோடு ஒத்துப் பார்த்தாரா என்று கேட்டால் போதும்.

1855-இல் அந்தச் செமினரி மூடப்பட்டது. 1857-இல் சென்னைச் சர்வகலாசாலை தோன்றியபோது, அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த இருவர், செமினரியிலே பயின்ற கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையுமே. தாமோதரம் பிள்ளை பின்னர் சைவ சமயத்துக்கே திரும்பினார். 1887-இல் கலித்தொகையை அச்சேற்றித் தமிழன்னைக்கு அணி செய்தார். மதப் பள்ளியிலிருந்து வந்தார் என்று சர்வகலாசாலை அவரைத் தள்ளியிருந்தால் நஷ்டம் யாருக்கு? பள்ளியின் பேரைப் பார்த்துப் பரீக்ஷையில்லாமலே பட்டம் கொடுத்திருந்தால்தான் அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு?

கொங்கு நாட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் உண்டு. திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1930-இல் ஆரம்பித்த ராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம், பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றும் நடந்து வருகிறது. அங்கே அஸ்திவாரக் கல் நாட்டியவர் மகாத்மா காந்தி. பக்தியும் பஜனையும் அங்கே உண்டு. ஆனால் பௌதிகத்தைப் பௌதிகமாகவே கற்பிக்கிறார்கள். அதனால் அந்தப் பிள்ளைகளின் சான்றிதழை எந்தச் சர்வகலாசாலையும் சந்தேகிப்பதில்லை.

உடுமலைக்கு இதனால் என்ன?

"பரிணாமத்தை நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? தறியும் பனியனும் நின்றுவிடுமா?" என்று சில நேயர்கள் கேட்கலாம். நம் ஜில்லாவின் அனுபவமே இதற்குப் பதில் சொல்லும். திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். விவசாயத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாய நீர் தேங்கியது. கழிவு நீரை முற்றிலும் சுத்திகரிக்காத சாயப் பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவிட்டது. அப்போது எத்தனை குடும்பங்களின் அடுப்பு அணைந்தது! உப்பை நீரிலிருந்து பிரிப்பதற்கு வேண்டியிருந்தது ரஸாயனம். ஆசையோ ஆவேசமோ அல்ல.

உடுமலையிலேயே இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே சேரும் மாணவன் நாளைக்கு நம் வீட்டுப் பசுவுக்கு ஊசி போடப் போகிறவன். ஒரே மருந்தைக் கண்டபடி கொடுத்தால் கிருமிகளில் அதைத் தாங்கும் சில மட்டும் பிழைத்துப் பெருகி, பின்னர் மருந்தே பலிக்காமல் போகிறது. இதுவே கண்ணெதிரே நடக்கும் பரிணாமம். ஜீவராசிகள் மாறுவதே இல்லை என்று பள்ளியில் கற்றுவந்தவனுக்கு இது எப்படி விளங்கும்? பாரம்பரியத்தின் விதிகளை 1866-இல் வெளியிட்ட மெண்டலோ ஒரு கிறிஸ்தவத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை எண்ணி எண்ணிக் கண்டார். அவர் துறவி என்பதற்காக உலகம் அந்த விதிகளை ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. பட்டாணியை யார் எண்ணினாலும் அதே கணக்கு வந்தது, ஆகவே ஏற்றது.

நமது அபிப்பிராயம்

அரசியல் சட்டத்தின் 30-ஆம் விதி, சிறுபான்மையோர் தங்கள் கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நடத்தும் உரிமையைக் காக்கிறது. அதே சட்டத்தில், விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது பிரஜைகளின் கடமை என்று 1976-இல் சேர்க்கப்பட்டது. இரண்டுக்கும் விரோதம் இருப்பதாக நாம் கருதவில்லை. பள்ளி தன் மதத்தைப் போதிக்கட்டும். அது அதன் உரிமை. ஆனால் அந்தப் போதனைக்கு 'ஜீவசாஸ்திரம்' என்று பெயரிட்டுச் சர்வகலாசாலையின் கையெழுத்தைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

சர்வகலாசாலைகள் செய்யத் தக்கவை மூன்று. முதலாவது, ஒரு விஞ்ஞானப் பாடத்தில் என்னென்ன இருக்க வேண்டும், எத்தனை செய்முறைப் பயிற்சி வேண்டும் என்பதைத் தமிழில் அச்சிட்டு யாவரும் அறிய வெளியிட வேண்டும். இரண்டாவது, அந்த அளவுகோலை மதரஸா, பாடசாலை, கிறிஸ்தவப் பள்ளி, சர்க்கார் போர்டு என்ற பேதமின்றி எல்லாப் பாடத்துக்கும் பிரயோகிக்க வேண்டும். மூன்றாவது, பாடம் தேறாமற் போனால் பிள்ளைக்கு வேறு வழி காட்ட வேண்டும். ஒரு பரீக்ஷையோ, ஆய்வுக்கூடப் பயிற்சியோடு கூடிய ஒரு வருஷ இணைப்பு வகுப்போ வைக்கலாம். எட்டு வயதில் எந்தப் பள்ளியில் சேர்வது என்று எந்தக் குழந்தையும் தீர்மானிப்பதில்லை. பெரியவர்கள் செய்த தீர்மானத்துக்குப் பதினெட்டு வயதில் அது அபராதம் கட்டலாமா?

"பரீக்ஷை மட்டும் வைத்தால் போதாதா? பாடத்தை ஏன் ஆராய வேண்டும்?" என்று கேட்பாருமுண்டு. போதாது. கேள்விக்கு விடையை நெட்டுருப் போடலாம்; தராசைப் பிடித்து நிறுக்கவும் நுண்கண்ணாடியில் பார்க்கவும் நெட்டுருப் போட முடியாது. இரண்டு வருஷம் குழாயும் குடுவையுமாய்ப் பழகிய கைக்கும், விடைப் புத்தகத்தோடு மட்டும் பழகிய கைக்கும் வித்தியாசம் கல்லூரியின் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் நாம் சொல்லக்கூடியது இதுதான். பிள்ளையை எந்த மதத்தார் நடத்தும் பள்ளியிலும் தாராளமாகச் சேருங்கள். சேர்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இறுதியில் கிடைப்பது எந்த போர்டின் சான்றிதழ்? அதை நாம் விரும்பும் கல்லூரி ஏற்கிறதா? இங்கே ஆய்வுக்கூடம் இருக்கிறதா, அது திறந்திருக்கிறதா? கடைசிக் கேள்விக்குச் சாவியைத் தேடிக்கொண்டு ஆள் ஓடுமானால், அந்தப் பள்ளி எந்தத் தெய்வத்தின் பெயரால் நடந்தாலும் சற்று யோசித்தே பணம் கட்டுங்கள்.