பேறுவலியும் சொல்லறிவும்: லாபிஸ் வட்டாரத் தாய்மார்க்கான முன்னேற்பாடு

பிள்ளை பெறுதலைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. ஈனுதல், கருவுயிர்த்தல் என்பன பழஞ்சொற்கள். மகப்பேறு, பேறுகாலம் என்பன இன்றும் எழுத்தில் வழங்குகின்றன. பேறு என்பதற்குப் பெறத்தக்க செல்வம் என்று பொருள். பேச்சு வழக்கிலோ அதே நிகழ்வைப் பெண்ணுக்கு 'மறுபிறவி' என்கிறோம். மகிழ்ச்சி, அச்சம் ஆகிய இரண்டையும் நம் மொழி மறைக்காமல் பதிந்து வைத்திருக்கிறது.

மகப்பேற்றைப் பற்றி மொழி மன்றம் ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவக்கூடும். மருத்துவம் செய்வது மருத்துவர் கடமை. ஆனால், தாய் தன் உடலில் நிகழ்வதை இன்னதென அறிவதற்கும், அதை உரிய நேரத்தில் உரியவர்க்குச் சொல்வதற்கும் சொல்லறிவு வேண்டும். அந்தச் சொல்லறிவு தாயையும் சேயையும் காக்கும் முன்னேற்பாடுகளுள் ஒன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மூன்று தாமதங்கள்

1950-ஆம் ஆண்டில் மலாயாவில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் 500-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 2000-ஆம் ஆண்டளவில் அந்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே வந்துவிட்டது. சிற்றூர்ச் சுகாதார நிலையங்களும், பயிற்சி பெற்ற தாதியரும், மருத்துவச்சியரைப் பதிவு செய்ய 1966-இல் இயற்றப்பட்ட சட்டமும் இம்மாற்றத்தில் பங்கு கொண்டன. 1991 முதல் நாட்டில் நிகழும் தாய் இறப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராயும் முறையும் நடைமுறைக்கு வந்தது. குற்றம் சாட்டுவது அதன் நோக்கமன்று. எந்த இடத்தில் காலம் வீணாயிற்று என்று கண்டறிவதே அதன் நோக்கம்.

காலம் வீணாகும் இடங்கள் மூன்று என்று ஸெரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வகுத்துக் காட்டினர். மருத்துவ உதவியை நாட வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். மருத்துவமனையை அடைவதில் ஏற்படுவது இரண்டாம் தாமதம். அடைந்த பின்னர்த் தக்க கவனிப்புப் பெறுவதில் ஏற்படுவது மூன்றாம் தாமதம். மூன்றாவதைச் சீர்செய்வது மருத்துவமனையின் பொறுப்பு. முதல் இரண்டையும் குறைப்பதில் குடும்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

லாபிஸ் வட்டாரத்தில் இரண்டாம் தாமதத்தை எளிதாகக் கருத இயலாது. லாபிஸ் சிகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்; சுற்றிலும் பால்மரத் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் உள்ளன. மாவட்ட மருத்துவமனை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சிகாமட்டில் இருக்கிறது. தோட்டத்தின் உட்பகுதியில் வாழ்பவர்க்கு மண்சாலையைக் கடந்து பெருஞ்சாலைக்கு வரவே தனியாக நேரம் வேண்டும். மழைக்காலத்தில் நிலைமை இன்னும் கடினம். 2006 டிசம்பர், 2007 ஜனவரி, 2011, 2023 மார்ச் ஆகிய காலங்களில் சிகாமட் மாவட்டம் பெருவெள்ளத்தைக் கண்டது. பேறுவலி சாலை வடியும்வரை காத்திருப்பதில்லை.

வலியின் தொடக்கம்

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 40 வாரம் கணக்கிட்டு மருத்துவர் பேறு நாளைக் குறிக்கின்றனர். அந்த நாளிலேயே குழந்தை பிறக்கும் என்பது உறுதியன்று. 37-ஆம் வாரம் நிறைந்தபின் எந்த நாளும் பேறு நாளாகலாம். ஆயத்தங்கள் அதற்குள் முடிந்திருக்க வேண்டும்.

கருப்பை ஒரு தசைப் பை. அது இறுகித் தளர்வதே வலியாக உணரப்படுகிறது. இறுதி மாதங்களில் வந்து மறையும் இறுக்கத்தைப் பொய்வலி என்பர். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1872-இல் இதனை விளக்கியதால், மருத்துவ நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகிறது. பொய்வலிக்கு ஒழுங்கான இடைவெளி இல்லை. நடந்தாலோ, படுத்தாலோ, நீர் அருந்தினாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். மெய்வலியோ நேரம் செல்லச் செல்ல நெருங்கி வரும், நீண்டு நிற்கும், வலுக்கும். பெரும்பாலும் முதுகின் அடியில் தொடங்கி முன்வயிற்றுக்குச் சுற்றி வரும். ஆகவே, கடிகாரத்தைப் பார்த்து ஒரு வலியின் தொடக்கத்திலிருந்து அடுத்த வலியின் தொடக்கம்வரை எண்ணிக் குறித்துக்கொள்வது பயனுடையது.

இரத்தக் கீற்றுக் கலந்த சளி வெளிப்படுவது கருப்பை வாய் நெகிழத் தொடங்கியதன் அறிகுறி. பனிக்குடம் உடைந்து நீர் வெளியேறினால், வலி இல்லாவிடினும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீர் பசுமை கலந்தோ இரத்தம் கலந்தோ இருந்தால் சற்றும் பொறுத்தல் ஆகாது.

மூன்று கட்டங்கள்

முதற் கட்டத்தில் கருப்பை வாய் சிறிது சிறிதாகத் திறந்து 10 சென்டிமீட்டர் அளவை அடைகிறது. தொடக்கப் பகுதி மெதுவானது. சிலர்க்கு ஒரு நாளுக்கு மேலும் நீளலாம். 5 சென்டிமீட்டர் திறந்த பின்னர் வருவதே விரைவான பகுதி. தலைப்பிரசவத்தில் அது வழக்கமாக 12 மணி நேரத்துக்கு மேலும், அடுத்த பேறுகளில் 10 மணி நேரத்துக்கு மேலும் செல்வதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. இக்கட்டத்தில் தாய் நடக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், மருத்துவர் தடுக்காவிடில் நீர் அருந்தலாம். முக்குதல் கூடாது. வாய் முழுதும் திறக்குமுன் முக்கினால் வலிமை வீணாகும். கருப்பை வாய் வீங்கவும் கூடும்.

இரண்டாம் கட்டம் குழந்தை பிறக்கும் கட்டம். முக்க வேண்டும் என்னும் உந்துதல் இப்பொழுது தானே எழும். தலைப்பிரசவத்தில் இது 3 மணி நேரம்வரை செல்லலாம். மூன்றாம் கட்டத்தில் நஞ்சுக்கொடி வெளிவருகிறது. குழந்தை பிறந்துவிட்டதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால், பெருங்குருதிப்போக்கு நேரும் ஆபத்து இக்கட்டத்திலும் அதன்பின் வரும் சில மணி நேரத்திலும்தான் மிகுதி. அதனால்தான் குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு ஊசி போடுகின்றனர். அந்த ஊசி கருப்பையை இறுகச் செய்து குருதிப்போக்கைத் தடுக்கிறது. வீட்டிலோ வழியிலோ குழந்தை பிறந்துவிட்டாலும் மருத்துவமனைக்குச் சென்றே தீர வேண்டும் என்பதற்குரிய காரணமும் இதுவே.

அச்சம் வலியைப் பெருக்கும் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். அச்சத்தால் உடல் இறுகுகிறது. இறுகிய உடல் மிகுதியாக வலிக்கிறது. வலி மேலும் அச்சத்தை விளைக்கிறது. இச்சுழலைக் கிராண்ட்லி டிக் ரீட் என்னும் மருத்துவர் 1933-இல் எழுதிய நூலில் எடுத்துரைத்தார். நிகழப்போவதை முன்னரே அறிதல், மூச்சை மெதுவாக நீட்டி விடப் பழகுதல், நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிருத்தல் ஆகியவை இச்சுழலைத் தளர்த்தும். இவற்றுக்கு மேலும் வலி தாங்க இயலாவிடில் மருந்து கேட்பதில் இழுக்கில்லை. அறுவை தேவைப்பட்டால் அதுவும் தாயின் தோல்வியன்று.

சொல் மாறினால் பொருள் மாறும்

நம் தாய்மார் வீட்டில் தமிழிலும், சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் மலாயிலும் பேசுகின்றனர். இயல்பான நாளில் இது இடர் தருவதில்லை. வலி மிகுந்த நேரத்திலோ சொல் தடுமாறுகிறது. இதற்கு 'இடுப்புவலி' என்னும் சொல்லே தக்க சான்று. தமிழ்ப் பேச்சில் 'அவளுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது' என்றால் பேறுவலி தொடங்கியது என்று எல்லாரும் உணர்வர். அதையே சொல்லுக்குச் சொல் மலாயில் 'சாகிட் பிங்காங்' என்று தொலைபேசியில் கூறினால், கேட்பவர் அதைச் சாதாரண முதுகுவலியாகக் கொள்ளக்கூடும். கூற வேண்டிய சொல் 'சாகிட் பெர்சாலின்' என்பது. 'தண்ணீர் போகிறது' என்பதும் அத்தகையதே. பனிக்குட நீர் என்பதை உணர்த்த 'ஆயிர் கெத்துபான்' என்று சொல்ல வேண்டும்.

தாயும் உடன் செல்பவரும் அறிந்திருக்க வேண்டிய வேறு சில மலாய்ச் சொற்கள்:

புக்காஆன் – கருப்பை வாயின் திறப்பு
தெரான் – முக்குதல்
ஜாங்ஙான் தெரான் – முக்காதே
ஊரி – நஞ்சுக்கொடி
தாலி பூசாட் – தொப்புள்கொடி
சொங்சாங் – தலை கீழ்நோக்கி வராத குழந்தை
தும்பா டாரா – பெருங்குருதிப்போக்கு
டாரா திங்கி – உயர் இரத்த அழுத்தம்
பெம்பெடாஹான் – அறுவை

'தெரான்', 'ஜாங்ஙான் தெரான்' ஆகிய இரண்டும் நேர் எதிர்க் கட்டளைகள். வலியின் உச்சத்தில் முதற்சொல் காதில் விழாமற் போனால் தாய் முக்கத் தொடங்கிவிடுவாள். இச்சொற்களை வீட்டில் ஒருமுறை சொல்லிப் பழகியவளுக்கு இக்குழப்பம் குறையும்.

சொல்லைப் போலவே நிறமும் ஒரு மொழிதான். கருவுற்ற தாய்க்குச் சுகாதார நிலையத்தில் இளஞ்சிவப்பு நிறப் பதிவேடு ஒன்று தருகின்றனர். 'புக்கு பிங்க்' என்று நாம் அழைப்பது அதனையே. அதன்மேல் ஒட்டப்படும் நிறம் பேற்றின் இடர் அளவைக் காட்டும். சிவப்பு, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலை. மஞ்சள், சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. பச்சை, சுகாதார நிலைய மருத்துவரின் கவனிப்பில் இருக்க வேண்டிய நிலை. வெள்ளை, தாதியரின் கவனிப்புப் போதுமான நிலை. நிறம் மாறினால் ஏன் மாறிற்று என்று கேட்டறிவது தாயின் உரிமை. வெள்ளை நிறம் இடரே வராது என்பதற்கு உறுதிமொழியன்று என்பதையும் உணர்தல் வேண்டும்.

லாபிஸ் குடும்பங்களுக்குரிய முன்னேற்பாடு

முதலாவதாக, வண்டி. எவருடைய வண்டி, இரவில் அழைத்தால் வருபவர் யார், அவர் இல்லையெனில் அடுத்தவர் யார் என்பதை 36-ஆம் வாரத்துக்குள் முடிவு செய்தல் நலம். 999 என்னும் அவசர எண்ணுடன் சுகாதார நிலையத்தின் எண்ணையும் சுவரில் எழுதி வைக்கலாம்.

இரண்டாவதாக, முடிவெடுக்கும் உரிமை. கணவர் வேலையிலிருந்து திரும்பட்டும், மாமியார் வந்து பார்க்கட்டும் என்று காத்திருப்பதே பல குடும்பங்களில் முதல் தாமதமாகிறது. குறித்த அடையாளங்கள் தோன்றினால் எவரையும் கேளாமல் புறப்படலாம் என்று குடும்பத்தார் முன்னரே ஒப்புக்கொள்ள வேண்டும். குருதிப்போக்கு, கண் மங்கலுடன் கூடிய கடுந்தலைவலி, மேல்வயிற்று வலி, வலிப்பு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவை அவ்வடையாளங்கள். அசைவைக் காலை 9 மணிமுதல் எண்ணிப் பதிவேட்டில் குறிக்கும்படி தாதியர் கூறுவர். 12 மணி நேரத்தில் 10 அசைவு நிறையாவிடில் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அசைவு வழக்கத்துக்கு மாறாகத் திடீரெனக் குறைந்தாலோ, 12 மணி நேரம் நிறையும்வரை காத்திராமல் புறப்பட வேண்டும்.

மூன்றாவதாக, தொலைவு. நகரில் வாழ்பவர் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும்வரை வீட்டில் இருக்கலாம். லாபிஸ் தோட்டப்புறத்தில் இருப்பவரும், முன்னர்ப் பிள்ளை பெற்றவரும் அதற்கு முன்பே புறப்படுதல் வேண்டும். வெள்ள எச்சரிக்கை உள்ள காலத்தில் பேறு நாள் நெருங்கினால், சிகாமட்டில் உள்ள உறவினர் வீட்டுக்கு முன்கூட்டியே செல்வது பற்றித் தாதியரிடம் கலந்து பேசலாம்.

நான்காவதாக, பை. பதிவேடு, அடையாள அட்டை, தாய்க்கும் குழந்தைக்கும் துணி, அணையாடை ஆகியவற்றை ஒரே பையில் இட்டு வாசலருகே வைத்தல் போதும்.

ஐந்தாவதாக, விடுப்பு. 2023 ஜனவரி 1 முதல் தொழிலாளர் சட்டப்படி தாய்க்கு 98 நாள் மகப்பேறு விடுப்பும், தந்தைக்கு 7 நாள் விடுப்பும் உண்டு. தந்தை அதனைப் பெற, அந்த முதலாளியிடம் 12 மாதமேனும் வேலை செய்திருக்க வேண்டும். மனைவி கருவுற்றிருப்பதைப் பேறு நாளுக்கு 30 நாளேனும் முன்னதாகவோ, குழந்தை பிறந்தபின் இயன்ற விரைவிலோ அறிவித்திருக்க வேண்டும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கவை

மேற்குறித்த சொற்பட்டியலை ஆசிரியர் மொழிபெயர்ப்புப் பாடத்தில் பயிற்சியாக அமைக்கலாம். 'இடுப்புவலி' என்னும் ஒரு சொல்லே, நேர்மொழிபெயர்ப்பு எங்கே தவறும் என்பதை விளக்கப் போதுமானது. உயர்நிலை மாணவர் பட்டியலைத் தெளிவாக எழுதித் தம் வீட்டில் கருவுற்ற அக்காளுக்கோ அண்ணிக்கோ படித்துக் காட்டலாம். மருத்துவமனையில் மொழிபெயர்க்கும் சுமையைச் சிறுவர்மீது ஏற்றுதல் கூடாது. அச்சுமை எழாதிருக்கவே இப்பயிற்சி.

பேறுகாலத்தைப் பற்றிப் பேசுவது நாணத்துக்குரியது என்னும் எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. சூல், பேறு, பனிக்குடம் ஆகிய சொற்களை ஆக்கிய நம் முன்னோர் அவற்றைச் சொல்ல நாணவில்லை. நாமும் அவற்றைத் தயங்காமல் சொல்லிப் பழகினால், வலி தொடங்கும் இரவில் லாபிஸ் தாய் ஒருத்தி தனக்கு நிகழ்வதைத் தெளிவாகச் சொல்வாள். கேட்பவரும் அதை உணர்ந்து உடனே புறப்படுவர்.