எச்.ஐ.வி.: களங்கத்தை அளக்கும் கேள்விகள்

"எச்.ஐ.வி. இருக்கிறது என்று தெரிந்த ஒரு கடைக்காரரிடம் மரக்கறி வாங்குவீர்களா?"

"எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பாடசாலையில் படிக்கலாமா?"

பல நாடுகளில் வீடு வீடாக நடக்கும் குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் இந்த இரண்டையும் கேட்கிறார்கள். ஒன்றுக்கேனும் 'இல்லை' என்றால் அவர் பாரபட்ச மனப்பாங்கு உள்ளவர் என்று கணக்கு. நூற்றுக்கு எத்தனை பேர் அப்படி என்பதை வைத்துத்தான் யு.என்.எயிட்ஸ் நிறுவனம் நாடுகளை ஒப்பிடுகிறது.

இவ்வளவு பெரிய விசயத்தை மரக்கறியை வைத்தா அளப்பது என்று சிரிப்பு வரலாம். ஆனால் கெட்டிக்காரத்தனமான கேள்விதான். எச்.ஐ.வி. தொடுகையால் தொற்றாது, தக்காளியாலும் தொற்றாது. ஆகவே வாங்கமாட்டேன் என்பவர் ஒன்றில் அதை அறியாதவர், அல்லது அறிந்தும் அந்த மனிதரை ஒதுக்குபவர். இரண்டில் எது என்பதைக் கேள்வி பிரித்துச் சொல்லாது. முன்பு கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி இதைவிடச் சிக்கலானது: குடும்பத்தில் ஒருவருக்குத் தொற்றினால் அதை இரகசியமாக வைக்க விரும்புவீர்களா? 'விரும்பமாட்டேன்' என்றால் நல்ல மனப்பாங்கு என்று புள்ளி. வாப்பாவின் நோயை ஊருக்குச் சொல்லாத மகன் அவரை வெறுக்கிறானா, ஊரின் வாயிலிருந்து காக்கிறானா?

கேள்வித்தாளில் 'ஓம், படிக்கலாம்' என்று சொல்வது லேசு. 2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது நமக்குத் தெரியும். தகப்பன் எயிட்ஸால் இறந்தார் என்ற ஒரு வதந்தி, அவ்வளவுதான். சின்னப் பையனுக்குப் பாடசாலைக் கதவு மூடப்பட்டது, மற்றப் பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள், விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்தப் பையனுக்குத் தொற்றே இருக்கவில்லை.

சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நிலவில் தெரியும் கறையையும் தமிழில் களங்கம் என்கிறோம். அது நிலவிலேயே இருப்பது. ஆங்கிலத்தில் வழங்கும் 'ஸ்டிக்மா' கிரேக்கச் சொல். அடிமை, குற்றவாளி, துரோகி ஆகியோரின் உடலில் மற்றவர்கள் வெட்டியோ சுட்டோ இட்ட குறி அது. 1963இல் ஏர்விங் கொஃப்மன் எழுதிய நூல் இதிலிருந்துதான் தொடங்குகிறது. நம் சொல் குறியைச் சுமப்பவரைக் காட்டுகிறது, அவர்கள் சொல் குறி இட்ட கையையும் காட்டுகிறது.

அதனால் குறியைச் சுமப்பவரிடமும் கேட்க வேண்டும். 2001இல் அமெரிக்காவில் பாபரா பேர்கரும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட அளவுகோலில் 40 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை புள்ளி. ஒதுக்கப்பட்ட அனுபவம், வெளியில் தெரிந்துவிடுமோ என்ற பயம், தன்னைப் பற்றிய தாழ்வெண்ணம், சமூகம் என்ன நினைக்கும் என்ற கவலை என நான்கு பக்கம் அதில் அளக்கப்படுகிறது.

2008இல் இந்தியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு இதை இன்னும் தெளிவாக்கியது. தனக்கு நேரடியாக அநியாயம் நடந்தது என்று சொன்னவர்கள் குறைவு. மற்றவர்களுக்கு நடந்ததாகக் கேள்விப்பட்டவர்கள் கூட. அந்தக் கதைகளைக் கேட்டவர் தன் நோயை மறைக்கிறார். மறைத்தவரை யார் ஒதுக்குவது? ஆகவே 'ஒதுக்கப்பட்டேன்' என்ற எண்ணிக்கை குறைவாக வந்தால், ஊர் நல்ல ஊர் என்று உடனே எழுதிவிட முடியாது. மறைப்பு வெற்றிகரமாக நடக்கிறது என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். மறைப்பதற்கு விலையும் உண்டு: பரிசோதனைக்குப் போகப் பயம், கிளினிக் வாசலில் தெரிந்தவர் நிற்பாரோ என்ற பயம், வீட்டில் மருந்துப் போத்தலை ஒளிக்கும் பாடு. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து தாம்பத்திய உறவிலும் தொற்றாது என்பது இன்று உறுதியானது. அந்த மருந்தைத்தான் பயம் நிறுத்திவிடுகிறது.

2008இல் தொடங்கிய 'களங்கச் சுட்டெண்' இதற்காகவே வேறு வழி எடுத்தது. கேள்வி கேட்பவர்களும் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே. இலங்கை உட்பட நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இது நடந்திருக்கிறது. என் பார்வையில் இருப்பதற்குள் நேர்மையான முறை இதுதான்.

நம் ஊர்களுக்கென்று ஒரு கேள்வித்தாள் செய்தால் மரக்கறி போதாது. "அவரோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா?" "அவர் மௌத்தானால் ஜனாஸாவைக் குளிப்பாட்டப் போவீர்களா?" சஹனால் தொற்றாது, குளிப்பாட்டுவதற்கும் கையுறை முதலிய வழமையான பாதுகாப்பு போதும். மய்யித்தைப் பற்றிய பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2020இல் கொரோனா ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது பார்த்த சமூகம் நாம். அந்தக் கேள்வி நமக்கு வெறும் கேள்வியாக இராது.

யாரைக் கேட்க அனுப்புவது என்பதுதான் கஷ்டம். ஊருக்குள் எல்லாரும் மச்சான், மாமி முறை. பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தாலும், அவர் யாருடைய மருமகன் என்பது அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும்.